சாக்கடை நீர் குடிநீராவது எப்படி?

“சிங்கப்பூரில் சாக்கடைத் தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்கிறார்களாம்” என்று ஒருவர் முகம் சுளிப்பார். “அதனால் என்ன, ஆர்.ஓ. போட்டால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும்” என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். முதலாமவர் நடுவில் நடக்கும் வேலைகளை எல்லாம் விட்டுவிட்டார். இரண்டாமவர் சொல்வதுதான் ஆபத்தானது. ஆர்.ஓ. ஒரு நல்ல கருவி. ஆனால் கழிவுநீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அதை மட்டும் நம்பி ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை. ஏன் என்று புரிந்தால் விஷயம் முழுவதும் புரிந்த மாதிரிதான்.

ஆயிரம் லிட்டரில் ஒரு கிலோ

மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறைய வீட்டுச் சாக்கடை நீர். அதில் ஏறக்குறைய 999 லிட்டர் வெறும் தண்ணீர்தான். மலம், சோப்பு, சோற்றுக் கஞ்சி, எண்ணெய், முடி, மணல், உப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால் ஒரு கிலோ சொச்சம் வரும். அதே தொட்டியில் கடல்நீரை நிரப்பினால் உப்பு மட்டும் 35 கிலோ.

இந்த வித்தியாசம் மின் கட்டணத்தில் தெரியும். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் ஆகும். ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்கு உயர்த்த ஒரு யூனிட் அளவே போதும். அருவருப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் சாக்கடைதான் மலிவு.

அந்த ஒரு கிலோவில் என்ன இருக்கிறது என்பதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியும் குப்பை, தண்ணீரில் கரைந்த உணவுப் பொருள், கிருமிகள், கரைந்த உப்பும் வேதிப்பொருள்களும் என நாலு வகை. சுளகு கொண்டு கல்லை நீக்கலாம், உப்பை நீக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி வேண்டும்.

உறை மோரும் உயிருள்ள கசடும்

முதலில் கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக் எல்லாம் மாட்டிக்கொள்ளும். அடுத்த தொட்டியில் மணல் படியும். அதற்கடுத்த பெரிய தொட்டியில் நீர் இரண்டு மணி நேரம் போல மெதுவாக நகர, மிதப்பவற்றில் பாதிக்கு மேல் அடியில் தங்கிவிடும். இதுவரை பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வித்தை காற்றூட்டும் தொட்டியில் தொடங்குகிறது. கரைந்த உணவுப் பொருளைப் பிடித்து எடுக்க வலை கிடையாது. அதைத் தின்ன ஆள் வேண்டும். அந்த ஆள் பாக்டீரியா. தொட்டியின் அடியிலிருந்து இடைவிடாமல் காற்றை ஊதினால், கோடானுகோடி பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகிப் பழுப்பு நிறக் குழம்பாகத் திரளும். இந்தத் திரளுக்குக் கசடு என்று பெயர். அடுத்த தொட்டியில் கசடு படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். படிந்த கசட்டில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் காற்றூட்டும் தொட்டியில் விடுவார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறை கெட்டால் தயிர் கெடும். இங்கே கசடு கெட்டால் நிலையமே கெடும்.

நீரிலுள்ள அழுக்கைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவை பி.ஓ.டி. என்பார்கள். அது அதிகம் என்றால் அழுக்கும் அதிகம். உள்ளே வரும்போது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும் பி.ஓ.டி., ஒழுங்காக ஓடும் நிலையத்தில் 20-க்கும் கீழே இறங்கிவிடும்.

கெடுவதற்கு வழிகள் பல. மின்சாரம் போய்க் காற்று நின்றால் பாக்டீரியா மூச்சுத் திணறும். யாரோ இரவோடு இரவாக அமிலத்தையோ முலாம் பூசும் பட்டறையின் உலோகக் கழிவையோ சாக்கடையில் கவிழ்த்தால் மொத்தக் கூட்டமும் செத்துப்போகும். சில நேரம் நூல் போல நீளும் பாக்டீரியாக்கள் மிகுந்து, கசடு பஞ்சு மாதிரி உப்பிப் படியவே படியாது. அதனால்தான் குடிநீர் வரை போகும் நகரங்கள் சாக்கடையின் வாயிலேயே காவல் போடுகின்றன. ஆலைக் கழிவைத் தனிக் குழாயில் பிரித்துவிடுவதும், தின்னர் போன்ற கரைப்பான்கள் வருகின்றனவா என்று பாதாளச் சாக்கடைக்குள்ளேயே உணரிகள் வைத்துப் பார்ப்பதும் இந்தக் காவலில் சேரும்.

இதுவரை: குப்பை போயிற்று, கரைந்த உணவு பெரும்பாலும் போயிற்று. நீர் கண்ணாடிக் குவளையில் ஏறக்குறையத் தெளிவாகத் தெரியும். கண்ணை நம்ப வேண்டாம். கிருமிகள் இன்னும் ஏராளம், உப்பு அப்படியே இருக்கிறது.

பஞ்சர் பார்ப்பது போல

அடுத்து நுண்வடிகட்டி. உள்ளே துளையுள்ள சேமியா போன்ற இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரு குழலுக்குள் கட்டாக இருக்கும். இழையின் சுவரில் உள்ள நுண்துளையின் அளவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் தடிமன் என்று வையுங்கள்; பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு 5 மைக்ரான். குளோரினுக்கு மசியாத இந்த ஒட்டுண்ணி இங்கே மாட்டிக்கொள்ளும். வைரஸ்களில் சில நழுவிப் போகும்.

இழைகளில் ஒன்றிரண்டு அறுந்தால்? நீரின் நிறம் மாறாது, சுவை மாறாது. அதைக் கண்டுபிடிக்கும் முறை சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிந்ததுதான். இழைக்குள் காற்றை அழுத்தமாக நிரப்பி வால்வை மூடிவிட்டு, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். நனைந்த நுண்துளை வழியே காற்று எளிதில் போகாது. ஓட்டை வழியே போகும். அழுத்தம் மடமடவென்று இறங்கினால் அந்த இழைக்கட்டை வரிசையிலிருந்து கழற்றி, அறுந்த இழையின் இரு முனையையும் அடைத்துவிட்டு மீண்டும் மாட்டுவார்கள். இந்தச் சோதனை தினசரி வேலை.

ஆர்.ஓ. ஒரு சல்லடை இல்லை

மாங்காயைத் துண்டு போட்டு உப்பில் பிசறி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விடும். மாங்காய்க்குள் இருக்கும் நீர், செல்லின் மெல்லிய சவ்வைக் கடந்து, உப்பு அதிகமான பக்கத்துக்கு வருகிறது. இதுதான் சவ்வூடுபரவல். உப்புள்ள பக்கத்தில் பலமாக அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த் திசையில் திரும்பும். உப்பு இருந்த இடத்திலேயே தங்கும். இதுவே எதிர்ச்சவ்வூடுபரவல், அதாவது நாம் ஆர்.ஓ. என்று சொல்வது. சுத்திகரித்த கழிவுநீருக்கு 10 முதல் 15 பார் அழுத்தம் வேண்டும். பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பது ஏறத்தாழ ஒரு பார். இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கடல்நீருக்கு 55 முதல் 70 பார் தேவை. முன்பு சொன்ன மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குக் காரணம் இதுதான்.

ஆர்.ஓ. சவ்வில் மிக மிகச் சிறிய ஓட்டைகள் இருக்கின்றன, அதில் தண்ணீர் மட்டும் நுழைகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓட்டை போட்ட சல்லடை இல்லை. பாலிஅமைடு என்ற பொருளாலான படலம், ஒரு மைக்ரானில் சிறு பங்கு தடிமன். நீர் மூலக்கூறுகள் அந்தப் படலத்துக்குள் கரைந்து, மெல்ல ஊடுருவி மறுபக்கம் வருகின்றன. உப்பு மின்னூட்டம் கொண்டது, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை ஒட்டவைத்துக்கொண்டே திரிவது. அதனால் படலத்துக்குள் புக முடியாமல் 97 முதல் 99 சதவீதம் தடுக்கப்படுகிறது. மின்னூட்டம் இல்லாத மிகச் சின்ன மூலக்கூறுகள் சில தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து உள்ளே போய்விடும். இதை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

நிலையத்தில் இந்தச் சவ்வை கோரைப்பாய் சுருட்டுவது போல ஒரு நடுக்குழலைச் சுற்றிச் சுருட்டியிருப்பார்கள். ஒரு சுருள் 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளம். விரித்தால் 37 சதுர மீட்டர். ஒரு நீண்ட குழாய்க்குள் இப்படி ஆறேழு சுருள்களை அடுத்தடுத்துச் செருகி, இணைப்பில் ரப்பர் வளையம் போடுவார்கள். தவறு பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் நடக்கும். சவ்வு நன்றாக இருக்கும். வளையம் நைந்து, அந்தச் சந்தில் சுத்திகரிக்காத நீர் கசிந்து நல்ல நீரோடு கலந்துவிடும்.

இன்னொரு எதிரி பாசி போலப் படரும் பாக்டீரியா. குளோரின் போட்டுக் கொல்லலாமே என்றால், குளோரின் பாலிஅமைடையே அரித்துவிடும். அதனால் குளோரினை அம்மோனியாவோடு சேர்த்த குளோரமின் என்ற மென்மையான வடிவத்தை லிட்டருக்குச் சில மில்லிகிராம் கலப்பார்கள். சவ்வு தாங்கும், பாக்டீரியா அடங்கும்.

வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கொட்டிவிடுகிறது. நிலையங்களில் நூறு லிட்டர் போனால் 75 முதல் 85 லிட்டர் திரும்பக் கிடைக்கும். முதல் வரிசை ஒதுக்கிய நீரை இரண்டாம் வரிசைக்கும், அது ஒதுக்கியதை மூன்றாம் வரிசைக்கும் அனுப்பிப் பிழிவதால் வரும் மிச்சம் இது.

இங்கே டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. கையில் பிடிக்கும் அந்தப் பேனா மீட்டர் நீரின் மின் கடத்தும் திறனை மட்டும் அளந்து ஒரு எண்ணைக் காட்டுகிறது. வைரஸ் மின்சாரம் கடத்தாது. பூச்சிக்கொல்லியும் பெரும்பாலும் கடத்தாது. மீட்டர் 40 காட்டுகிறது என்பதற்காக அந்தத் தண்ணீர் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

நழுவும் சின்னவர்கள்

2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், ஆர்.ஓ. செய்து நிலத்தடிக்கு அனுப்பிக்கொண்டிருந்த நீரில் என்.டி.எம்.ஏ. என்ற பொருள் தென்பட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள். சிறிய மூலக்கூறு, மின்னூட்டம் இல்லை, ஆர்.ஓ. சவ்வைக் கடந்துவிட்டது. அங்கே அதற்கு எச்சரிக்கை அளவு லிட்டருக்கு 10 நானோகிராம். அதாவது பத்துக் கோடி லிட்டரில் ஒரு கிராம். சவ்வைக் காக்கப் போடும் குளோரமினாலேயே இந்தப் பொருள் உருவாகலாம் என்பது இதில் உள்ள வேடிக்கை.

தீர்வு புற ஊதா ஒளி. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து அது பெருக முடியாமல் செய்யும். கிருமியை முடக்கப் போதுமான அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாய்ச்சினால், என்.டி.எம்.ஏ. மூலக்கூறே உடையும். கூடவே சில மில்லிகிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தால், ஒளி பட்டு அது இரண்டாகப் பிளந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்குகளாகும். கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்குதான் அதன் ஆயுள். அதற்குள் அருகில் எது இருந்தாலும் கடித்துக் குதறிவிடும். ஒளியால் நேரடியாக உடையாத, 1,4-டயாக்சேன் போன்ற கரைப்பான்கள் இதில்தான் அழிகின்றன.

விளக்கு எரிகிறது என்பது மட்டும் போதாது. விளக்கின் மேலுள்ள கண்ணாடி உறையில் படிவு ஏறினாலும், நீர் சற்றே கலங்கினாலும் ஒளி உள்ளே போகாது. ஒளியின் செறிவை உணரியால் ஓயாமல் அளப்பது அதற்காகத்தான்.

இதுவரை: நுண்வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் பிடித்தது. ஆர்.ஓ. உப்பையும் பெரும்பாலான வேதிப்பொருளையும் வைரஸையும் தடுத்தது. தப்பியவற்றைப் புற ஊதா ஒளியும் பெராக்சைடும் அழித்தன. ஒன்றின் ஓட்டையை அடுத்தது அடைக்கிறது.

லட்சம் கோடியில் ஒன்று

“99.9 சதவீதம் கிருமிகளைக் கொல்லும்” என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். கழிவுநீர்க் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஒரு லிட்டர் சாக்கடை நீரில் ஒரு லட்சம் வைரஸ் இருந்தால், 99.9 சதவீதம் போன பிறகும் நூறு மீதி இருக்கும். நோய் வர ஒரு சில போதும்.

ஆகவே துறையில் இருப்பவர்கள் சுழிகளை எண்ணுகிறார்கள். பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு புள்ளி, நூறில் ஒன்று இரண்டு புள்ளி, ஆயிரத்தில் ஒன்று மூன்று. நிலத்தடியில் சேமித்துக் குடிக்கும் நீருக்குக் கலிஃபோர்னியா கேட்பது, சாக்கடையில் தொடங்கிக் குடிநீர் வரை வைரஸுக்கு 12 புள்ளி, ஒட்டுண்ணிகளுக்கு 10 புள்ளி. 12 புள்ளி என்றால் லட்சம் கோடியில் ஒன்று. லிட்டருக்கு ஒரு லட்சம் வைரஸ் இருந்த நீரில் இப்போது ஒரு கோடி லிட்டருக்கு ஒன்று. தினம் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு அந்த ஒன்று வந்து சேர 13,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

புள்ளி கொடுப்பதிலும் கஞ்சத்தனம் உண்டு. எந்த ஒரு படிநிலைக்கும் 6-க்கு மேல் கிடையாது. எவ்வளவு நல்ல கருவியானாலும் ஒன்றையே நம்பக் கூடாது என்பது விதி. இதைவிட வியப்பானது, இத்தனை புகழ் பெற்ற ஆர்.ஓ.வுக்குப் பொதுவாகக் கிடைப்பது இரண்டு புள்ளி அல்லது அதற்கும் குறைவு. சவ்வு அதைவிட அதிகமாகவே வைரஸைத் தடுக்கும். ஆனால் வைரஸை நொடிக்கு நொடி எண்ணிக் காட்டும் கருவி இல்லை. அதற்குப் பதில், நீரில் மிஞ்சிய கரிமப் பொருளின் அளவையும் மின் கடத்தும் திறனையும் சவ்வுக்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். அவை 99 சதவீதம் குறைந்தது என்றுதான் காட்ட முடிகிறது. நிரூபித்த அளவுக்குத்தான் மதிப்பெண். வீட்டு ஆர்.ஓ.வுக்கும் இந்த நிலையங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சவ்வு இரண்டிலும் ஒரே ரகம். ரப்பர் வளையம் கசிந்தால் சில நிமிடங்களில் தெரிந்து வால்வை மூடும் ஏற்பாடு ஒன்றில் மட்டும்தான் உண்டு.

ஏரி வழியாகவா, நேராகவா

இப்படிச் சுத்திகரித்த நீரைப் பெரும்பாலான ஊர்கள் நேரே குழாயில் விடுவதில்லை. ஆரஞ்சு கவுண்டி 2008 முதல் இந்த நீரை மணல் குளங்களில் நிரப்பி நிலத்தடிக்கு இறக்குகிறது. கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கக் கடலோரக் கிணறுகளிலும் செலுத்துகிறது. ஏதாவது தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க இடையில் அவகாசம் கிடைக்கும். இதற்கு மறைமுகப் பயன்பாடு என்று பெயர்.

சிங்கப்பூரும் இந்த வகைதான். பொதுப் பயனீட்டுக் கழகம் 2000-இல் பிடோக்கில் சோதனை நிலையம் அமைத்து, 2003-இல் இந்த மறுசுழற்சி நீரை நியூவாட்டர் என்ற பெயரில் முறையாகத் தரத் தொடங்கியது. அதில் பெரும்பகுதி போவது மின்னணுச் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டும் அமைப்புகளுக்கும். உப்பே இல்லாத நீர் கிடைத்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். வறண்ட மாதங்களில் ஒரு பங்கை நீர்த்தேக்கத்தில் விட்டு, மழைநீரோடு கலந்து, வழக்கமான குடிநீர் நிலையத்தில் மறுபடி சுத்திகரிக்கிறார்கள். ஆகவே “சிங்கப்பூரில் சாக்கடைத் தண்ணீர் குடிக்கிறார்கள்” என்பவருக்கு இவ்வளவு நீளமான பதில் தேவைப்படுகிறது.

நேரடிப் பயன்பாட்டின் முன்னோடி நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக். இரண்டு பாலைவனங்களுக்கு இடையே உள்ள அந்த ஊர் 1968 முதல் இப்படிக் குடிக்கிறது. 2002-இல் வந்த புதிய நிலையம் நாளுக்கு 2.1 கோடி லிட்டர் தரும். அங்கே ஆர்.ஓ. கிடையாது! கிருமி கொல்லும் ஓசோன் வாயு, அழுக்கை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி, நுண்வடிகட்டி என்று வேறு தடுப்புகளை அடுக்கி, கிடைத்த நீரை மற்ற நீரோடு கலந்து அனுப்புகிறார்கள்.

தொழில்நுட்பம் தயாராக இருந்தும் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் 2006-இல் வாக்கெடுப்பில் 62 சதவீத எதிர்ப்போடு இந்தத் திட்டத்தை நிராகரித்தது. எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஆற்றங்கரை ஊர்கள் பெரும்பாலும் மேலே உள்ள ஊரின் கழிவு கலந்த நீரைத்தான் ஏதோ ஓர் அளவில் எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கின்றன. காவிரி பாயும் ஊர்களும் இதற்கு விலக்கில்லை. அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தியதில்லை.

ஒதுக்கிய நீர் எங்கே போகும்?

விண்ட்ஹோக் ஆர்.ஓ.வைத் தவிர்க்க முக்கியக் காரணம் ஒன்று உண்டு. நூறு லிட்டரில் 20 லிட்டர் ஒதுங்கினால், நூறு லிட்டரின் உப்பும் அந்த இருபதில் ஐந்து மடங்கு செறிவாக நிற்கும். சிங்கப்பூரும் ஆரஞ்சு கவுண்டியும் அதைக் கடலில் விட்டுவிடலாம். உள்நாட்டு ஊருக்கு அந்த வசதி இல்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்: 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஒதுக்கிய நீரைக் காய்ச்சி உப்பாக்கும் நிலைக்கு வந்தார்கள். ஆர்.ஓ.வுக்கு ஆகும் செலவைக் காய்ச்சும் செலவு தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நல்ல நீரிலும் ஒரு வேலை பாக்கி. ஆர்.ஓ. நீரில் சுண்ணாம்புச் சத்து இருக்காது. கரியமில வாயு மட்டும் சவ்வைக் கடந்து வந்து நீரைச் சற்றே புளிப்பாக்கும். அப்படியே விட்டால் குழாயின் சிமென்ட் பூச்சையும் இரும்பையும் அரிக்கும். வாயுவை வெளியேற்றிச் சுண்ணாம்பு கலந்த பிறகே அனுப்ப வேண்டும்.

சென்னையும் உங்கள் அடுக்குமாடியும்

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் நாளுக்கு தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. குடிப்பதற்கு இல்லை; ஆலைக்கு ஒரு லிட்டர் கொடுத்தால் ஏரியில் ஒரு லிட்டர் மிஞ்சுகிறது என்ற கணக்கு. என் பார்வையில் தொடங்க வேண்டிய சரியான இடமும் அதுவே.

அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையம் இந்தக் கட்டுரையில் சொன்ன உறை ஊற்றும் கட்டத்தோடும், ஒரு மணல் வடிகட்டியோடும், கொஞ்சம் குளோரினோடும் நின்றுவிடும். அந்த நீர் கழிப்பறைத் தொட்டிக்கும் செடிகளுக்கும் உரியது. வீட்டு ஆர்.ஓ. வழியே விட்டாலும் குடிக்கக் கூடாது. பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பிளம்பர் ஏதாவது வேலை பார்க்கும்போது கழிப்பறைக் குழாயும் சமையலறைக் குழாயும் தவறிச் சேர்ந்துவிடும். குடிநீரின் டி.டி.எஸ். ஏற்கெனவே கூடுதல் என்றால் மீட்டரில்கூட வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நல்ல தண்ணீர்த் தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை, குளியலறைக் குழாய்களைத் திறந்து வையுங்கள். குழாயில் நின்ற நீர் வடிந்ததும் எல்லாம் வறண்டுவிட வேண்டும். எந்தக் குழாயிலாவது தொடர்ந்து தண்ணீர் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே சுவரை உடைத்தாவது பாருங்கள்.